எதில் காசை இறக்கணும், எதில் கையை இறுக்கணும்

அண்ணன் மகளுக்குக் காரைக்குடியில் ஒரு காலேஜில் வேலை கிடைத்து, செக்காலைப் பக்கம் சின்னதாக ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். பால் காய்ச்சின அன்றைக்கே வாட்ஸ்அப்பில் ஒரு லிஸ்ட் வந்தது, மொத்தம் 42 சாமான். "அத்தை, இதுல எதை சீப்பா வாங்கலாம், எதை நல்லதா வாங்கணும்னு டிக் பண்ணி அனுப்புங்க." கையில் இருப்பது 25,000 ரூபாய். எல்லாவற்றையும் நல்லதாக வாங்கினால் அந்தக் காசு அடுப்படிக்கே காணாது. எல்லாவற்றையும் மலிவாக வாங்கினால் அடுத்த வருஷம் இதே லிஸ்ட் எனக்குத் திரும்ப வரும்.

டிக் போட உட்கார்ந்த பிறகுதான், இத்தனை வருஷமாகக் கடையில் நின்று மனசுக்குள் போடுகிற கணக்கை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை என்று புரிந்தது. அவளுக்கு எழுதினதைக் கொஞ்சம் நீட்டி இங்கே போடுகிறேன்.

விலை கூடினால் தரம் கூடும் என்ற நினைப்பை முதலில் கழற்றி வைத்துவிடுங்கள். என் வீட்டில் இன்றைக்கும் குழிப்பணியாரம் எல்லாம் அப்பத்தா காலத்து இரும்புக் கல்லில்தான் ஊற்றுகிறேன். அதே மாதிரி வார்ப்பிரும்புக் கல் இப்போதும் பாத்திரக் கடையில் கிடைக்கிறது, நல்ல கம்பெனி நான்ஸ்டிக்கைவிட விலை கம்மிதான். நான்ஸ்டிக் எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் பூச்சு ஒருநாள் உரியும், உரிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். இரும்புக் கல்லுக்கு வேண்டியது காசில்லை, பொறுமை. மூணு நாள் கஞ்சித் தண்ணி ஊற்றி வைத்து, தினமும் கழுவித் துடைத்து, அப்புறம் நல்லெண்ணெய் தடவி அடுப்பில் சூடு காட்டி, பாதி வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்துப் பழக்கணும். முதல் நாலு பணியாரம் பிய்யும், கோபப்படக் கூடாது. இட்லிக்கும் இதே கதைதான். விலை கூடின பொன்னியைவிடக் குண்டு இட்லி அரிசிதான் பூப்போல வரும். ஆக, கடைக்குப் போகும்போது "மலிவா, தரமா" என்று கேட்டுக்கொண்டு போனால் பதில் கிடைக்காது. வேற கேள்வி கேட்கணும்.

நான் கேட்கிற முதல் கேள்வி: இது கெட்டுப்போனால் என்ன ஆகும்?

ஒரு தடவை மாடி பாத்ரூமுக்குப் பிளாஸ்டிக் குழாய் ஒன்று வாங்கிப் போட்டேன், 70 ரூபாய். கடைக்காரர் 400 ரூபாய்க் குழாயையும் காட்டினார், எனக்குத்தான் குளிக்கிற குழாய்க்கு எதுக்கு நகை விலை என்று தோன்றியது. மூணாவது மாசம் ஒரு கல்யாணத்துக்காகத் தேவகோட்டை போய் ராத்திரி தங்கி வந்தோம். வந்து பார்த்தால் குழாயின் கழுத்து முறிந்து, டேங்க் தண்ணி முழுக்க மாடிப்படி வழியாக இறங்கி, கீழே கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த அரிசி மூட்டை வரைக்கும் நனைந்திருந்தது. 330 ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு நான் கட்டின அபராதத்தை இன்னும் என் வீட்டுக்காரர் சொல்லிக் காட்டுகிறார்.

அதனால், உடைந்தால் எரிச்சல் மட்டும்தான் என்றால் மலிவாக வாங்கலாம். உடைந்தால் தண்ணி, நெருப்பு, ரத்தம், விஷம் இதில் ஏதாவது வரும் என்றால் பேரமே பேசாதீர்கள். குக்கர் இந்த வகை. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத குக்கரை ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம், கேஸ்கெட்டும் சேஃப்டி வால்வும் அதே கம்பெனியுடையதாக வாங்குங்கள், தெருவோர கேஸ்கெட்டில் மிச்சமாகிற 50 ரூபாய்க்கு ஆவி பக்கவாட்டில் பீச்சும். கேஸ் டியூப், அந்த ஆரஞ்சுக் கலர் டியூபின் மேலேயே தேதி அச்சிட்டிருக்கும், 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும், பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று விடக் கூடாது. ஹெல்மெட் தலைக்கு, போலீசுக்கு இல்லை. ஒரு தடவை பலமாக அடி வாங்கின ஹெல்மெட்டை மாற்றிவிடணும், வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே இருக்கிற தெர்மாகோல் நசுங்கியிருக்கும். முத்திரை நிஜமா என்று சந்தேகம் வந்தால் அதற்குக் கீழே சிஎம்/எல் என்று ஆரம்பிக்கிற எண் இருக்கும், பிஐஎஸ் கேர் என்ற செயலியில் தட்டினால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று காட்டிவிடும். கடையில் நின்றே பார்க்கலாம், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பற்றித் தனியாகச் சொல்லணும், ஏனென்றால் எல்லாரும் ஏமாறுகிற இடம் இது. 150 ரூபாய்க்குக் கலர் கலராக விற்கிற பாக்ஸ் எல்லாம் 6 ஆம்பியர் தாங்கினாலே பெரிது. இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட். அதை 230 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், 9 ஆம்பியருக்குப் பக்கத்தில் வருகிறது. போன் சார்ஜ் போட அந்த பாக்ஸ் போதும், இண்டக்ஷனை அதில் சொருகினால் ஒயர் உருகும் வாசனைதான் முதல் எச்சரிக்கை. வாடகை வீடு, அடுப்படியில் ஒரே பிளக் பாயிண்ட், அப்படியென்றால் 16 ஆம்பியர் பாக்ஸ் ஒன்று நல்லதாக வாங்குங்கள், அதற்கு மேல் வீட்டு ஓனரிடம் சொல்லி பாயிண்ட் போட வைப்பதே நல்லது.

அப்புறம் ஈயச்சொம்பு. நம்ம பக்கத்துப் பிள்ளைகள் ரசம் என்றாலே ஈயச்சொம்பு கேட்கிறார்கள், அவள் லிஸ்டிலும் இருந்தது. நல்ல ஈயச்சொம்பு என்றால் வெள்ளீயம். விலை கம்மியாகக் கிடைக்கிறது என்றால் அதில் காரீயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, காரீயம் உடம்புக்கு விஷம், அதிலும் புளித்தண்ணியைக் கொதிக்க வைத்தால் சொல்லவே வேண்டாம். தெரிந்த கடையில், எடை போட்டு, பில்லோடு வாங்க முடிந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் எவர்சில்வரில் வைத்த ரசத்துக்கு ஒரு குறையும் இல்லை. இன்னொன்று, வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் போன் பேசப் போனால் திரும்பி வரும்போது சொம்பு இருக்காது. போன் பேசிக்கொண்டே சமைக்கிற என் மருமகளுக்கு இதை வேண்டாம் என்றே டிக் போட்டேன்.

ரெண்டாவது கேள்வி: வருஷத்தில் எத்தனை நாள் இதில் என் கை படும்?

இதுதான் நாள் கணக்கு. செருப்பு தினமும். 300 ரூபாய்ச் செருப்பு நாலு மாசம் வந்தால் நாளைக்கு ரெண்டரை ரூபாய். 900 ரூபாய்ச் செருப்பு ரெண்டு வருஷம் வந்தால் நாளைக்கு ஒண்ணேகால் ரூபாய்கூட இல்லை, கால் வலியும் மிச்சம். தலையணை, காய் நறுக்குகிற கத்தி, மிக்ஸி, தினமும் தூக்கிக்கொண்டு போகிற பை, வேலைக்குக் கட்டுகிற சேலை, இதெல்லாம் இந்தக் கணக்கில் வரும். முறுக்கு உழக்கு தீபாவளிக்கு ஒரு தடவை, அதை நான் இரவல் கொடுக்கிறேன். 20 பேருக்குச் சமைக்கிற குண்டான் அவள் லிஸ்டில் ஏன் இருந்தது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. வாடகைப் பாத்திரக் கடை எதற்கு இருக்கிறது?

ஆனால் நாள் கணக்கு போடும்போது கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. ஃபேனைப் பாருங்கள். சாதாரண ஃபேன் 75 வாட், பிஎல்டிசி என்கிற புது வகை ஃபேன் 30 வாட்டுக்குப் பக்கம். ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓடினால் 0.63 யூனிட் மிச்சம், ரெண்டு மாச பில்லுக்கு 38 யூனிட். ரொம்ப நல்ல விஷயம் மாதிரித் தெரிகிறது இல்லையா? நம்ம ஊரில் வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு இத்தனை யூனிட் என்று ஒரு அளவு வரைக்கும் காசு கிடையாது. ஒண்டியாக இருக்கிற பெண், பகலெல்லாம் காலேஜில், ரெண்டு மாசத்தில் அந்த இலவச அளவையே தாண்டமாட்டாள் என்றால் அந்த ஃபேனுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு திரும்பவே திரும்பாது. வீட்டு ஓனர் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவராக இருந்தால் கணக்கு அப்படியே மாறும். என் வீட்டில் நாலு ஃபேன், ஏசி, கிரைண்டர் எல்லாம் ஓடுகிறது, எனக்கு பிஎல்டிசி லாபம். ஒரே ஃபேன், ரெண்டு வீட்டுக்கு ரெண்டு பதில். அவளைப் பழைய மாடலே வாங்கச் சொன்னேன்.

மூணாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை: இதை ரிப்பேர் பண்ண ஊரில் ஆள் இருக்கா?

விலை கூடின பொருள் நிறைய நாள் வரும் என்று சொல்கிறோமே, அது பாதி ரிப்பேர்காரர் கையில் இருக்கிறது. மிக்ஸி வாங்கும்போது நான் வாட்டைப் பார்ப்பதற்கு முன்னாடி, நம்ம தெரு முனையில் மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறவரிடம் போய் "எந்தக் கம்பெனிக்கு கப்ளர், பிளேடு, ஜார் வாஷர் சுளுவாகக் கிடைக்குது?" என்று கேட்பேன். கடைக்காரருக்குத் தெரியாத விஷயம் அவருக்குத் தெரியும், ஏனென்றால் செத்துப்போன மிக்ஸி எல்லாம் அவர் கடை வாசலில்தான் கிடக்கிறது. இன்டர்நெட்டில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கின வெளிநாட்டு பிளெண்டர் ஒன்று, வாஷர் கிடைக்காமல் எங்கள் பரணில் தூங்குகிறது. பக்கத்தில் மூணு தடவை ஜார் மாற்றின சாதாரண மிக்ஸி கத்திக்கொண்டு ஓடுகிறது. கேஸ் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, சைக்கிள், இலவம்பஞ்சு மெத்தை இதெல்லாம் கையால் சரிபண்ணக்கூடியது, இதில் நல்லதாக வாங்கினால் வருஷக்கணக்கில் ஓட்டலாம். சரிபண்ணவே முடியாதபடி ஒட்டி மூடின பொருள் என்றால், விலை எவ்வளவானாலும் அதன் ஆயுசு வாரண்டி வரைக்கும்தான் என்று வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

பித்தளைக்கும் இதே கேள்விதான். பித்தளைப் பாத்திரம் பரம்பரைக்கும் வரும், ஆனால் உள்ளே ஈயம் பூசணும், பூச்சு தேய்ந்த பிறகு புளி சேர்த்தால் களிம்பு ஏறும். ஈயம் பூசுகிறவர்கள் முன்னே தெருத்தெருவாக வருவார்கள், இப்போது தேடிப் போக வேண்டியிருக்கிறது. தேட நேரமில்லை என்றால் பித்தளையைச் சாமி அறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தொலைகிற பொருளை மலிவாக வாங்குங்கள், இதற்கு விளக்கம் தேவையில்லை. நான் 1,200 ரூபாய்க்கு ஒரு குடை வாங்கி, புதுக்கோட்டை பஸ்ஸில் எட்டாவது நாள் விட்டுவிட்டு இறங்கினேன். பேனா, சீப்பு, கர்ச்சீஃப், டிபன் ஸ்பூன் எல்லாம் அப்படித்தான்.

பெயர் மட்டும் வேற, உள்ளே சரக்கு ஒன்றுதான் என்கிற வகையிலும் கையை இறுக்கலாம். சீனி, உப்பு (அயோடின் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்), பினாயில், பிளீச்சிங் பவுடர், துடைக்கிற துணி. எனக்கு வருகிற பிபி மாத்திரைகூட அப்படித்தான். டாக்டரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி, ஜன் ஔஷதியிலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கினால் மாசச் செலவு நன்றாகவே குறையும். சில மருந்துக்குக் கம்பெனி மாற்றக் கூடாது என்பார்கள், அதனால் கேட்டுவிட்டு மாற்றுங்கள். பெரிய பாக்கெட் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காமல் எம்ஆர்பி பக்கத்தில் பாருங்கள், ஒரு கிராமுக்கு எவ்வளவு, ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். பெரிய பாக்கெட் கிராமுக்குக் கூடுதல் விலையில் இருந்ததை நானே ரெண்டு மூணு தடவை பார்த்திருக்கிறேன்.

மசாலா சாமானில் மட்டும் நான் கஞ்சத்தனம் பண்ணமாட்டேன், செட்டிநாட்டுக்காரி என்று சொல்லிக்கொண்டு அதைப் பண்ண முடியாது. கல்பாசி, மராத்தி மொக்கு, அன்னாசிப்பூ இதையெல்லாம் நல்லதாக, ஆனால் 50 கிராம் 50 கிராமாக வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று கால் கிலோ கல்பாசி வாங்கினால் அது தீருவதற்குள் வாசனை போய்விடும், அப்புறம் குழம்பில் மண்ணைப் போட்ட மாதிரி இருக்கும். மிளகு சந்தேகமாக இருந்தால் ஒரு டம்ளர் தண்ணியில் போடுங்கள், நல்ல மிளகு அடியில் உட்காரும், பப்பாளி விதை மிதக்கும்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது சில விஷயம். எவர்சில்வருக்குக் காந்தம் வைத்துப் பார்ப்பது பாதி வேலைதான். 304 என்கிற நல்ல ரகத்திலும் காந்தம் ஒட்டாது, நிக்கல் குறைந்த 202-லும் ஒட்டாது, ஆக ஒட்டவில்லை என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அடியில் எண் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள், கையில் எடுத்து எடையைப் பாருங்கள். ஊறுகாய், புளிக்கரைசல் வைக்கிற பாத்திரம் 304-ஆக இருக்கட்டும், தட்டும் டம்ளரும் 202 போதும். பக்கெட் என்றால் கைப்பிடி சொருகியிருக்கிற காதுதான் முதலில் போகும், அந்த இடம் தடிமனாக இருக்கணும், கைப்பிடி இரும்புக் கம்பி என்றால் ஒதுக்குங்கள். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பதையும் ஆராய்கிற சிக்ரி ஆய்வகம் 1953-லிருந்து இந்தக் காரைக்குடியிலேயே இருக்கிறது, இருந்தாலும் என் வீட்டுப் பக்கெட்டுக்கு அது தெரியவில்லை. பைக்கு ஜிப்பையும் தோள்பட்டைத் தையலையும் பாருங்கள், கம்பெனி பெயரை இல்லை.

சேலைக்கு ஒரு சின்ன வழி. காரைக்குடிக் கண்டாங்கி 2019-ல் புவிசார் குறியீடு வாங்கினதிலிருந்து அந்தப் பெயரில் கண்டதெல்லாம் விற்கிறது. தறியில் போட்ட கட்டம் என்றால் முன்னும் பின்னும் ஒரே மாதிரி அழுத்தமாக இருக்கும், அச்சடித்தது என்றால் பின்பக்கம் வெளுத்துத் தெரியும். நல்ல கண்டாங்கி முதலில் கொஞ்சம் முரடாக இருக்கும், துவைக்கத் துவைக்கத்தான் உடம்போடு ஒட்டும். முதல் ரெண்டு மூணு துவைப்புக்கு உப்புத் தண்ணியில் தனியாக அலசுங்கள், சாயம் கொஞ்சம் இறங்கும். நாலு பாலியெஸ்டர் சேலைக்கு இங்கத்து சித்திரை வெயிலில் ஒரு கண்டாங்கி மேல் என்பது என் கட்சி. இஸ்திரி போட நேரமில்லாதவர்கள் எதிர்க்கட்சியில் இருக்கலாம்.

இது எதற்கும் பதில் தெரியாத சாமானும் இருக்கும். ஓவன் வாங்கினால் நான் கேக் செய்வேனா? தெரியாது. அப்படிப்பட்டதை முதலில் மலிவாக வாங்குங்கள், அல்லது இரவல் வாங்குங்கள். தேய்கிற அளவுக்கு நீங்கள் அதைப் பயன்படுத்தினால் அடுத்த தடவை நல்லதாக வாங்கத் தகுதி வந்துவிட்டது, அதற்குள் எது முக்கியம், எது வெறும் பட்டன் என்பதும் கைக்குத் தெரிந்துவிடும்.

மலிவும் தரமும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் ஒன்று உண்டு, பழைய சாமான். இந்த ஊரில் சீர் கொடுக்கும்போது சாமான் பரப்புவார்கள், டஜன் டஜனாக. அதில் பாதி அறைக்குள்ளேயே இருந்து, ஒரு தடவைகூட அடுப்பு ஏறாமல், பங்கு பிரிக்கும்போது வெளியே வரும். முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் மரப்பெட்டியும் பீங்கான் தட்டும் பார்க்க வருகிறவர்கள் அதிகம், விலையும் அவர்களை வைத்துத்தான் சொல்வார்கள். நமக்கு வேண்டியது அலங்காரச் சாமான் இல்லை. கனமான எவர்சில்வர் தூக்கு, இரும்புச் சட்டி, மர அஞ்சறைப் பெட்டி, இதைக் கேளுங்கள், பாதி விலையில் ஆரம்பித்துப் பேசுங்கள். பூச்சு பெயர்ந்த எனாமல் பாத்திரத்தில் மட்டும் சமைக்காதீர்கள், பழைய கலர்ப் பூச்சில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது, செடி வைக்கலாம். பழைய குக்கர், பழைய ஹெல்மெட், பழைய எலக்ட்ரிக் சாமான் எதையும் தொடாதீர்கள், முதல் கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைச் சுற்றிப் பார்த்திருப்பீர்கள். முகப்பில் பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், கண்ணாடி. வளவு என்கிற நடுமுற்றம் தாண்டி ரெண்டாங்கட்டு, அடுப்படி என்று உள்ளே போகப் போக எளிமையாகிக்கொண்டே வரும். அத்தனை காசு இருந்தவர்களே எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் கொட்டவில்லை. அவர்களுக்கு வாசலுக்கு வருகிற ஆட்கள் முக்கியம், வியாபாரம் அப்படி. வாடகை வீட்டில் ஒண்டியாக இருக்கிற வாத்தியாரம்மாவுக்கு முகப்பைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்? அதனால் அவள் லிஸ்டைத் தலைகீழாகத் திருப்பினேன், காசு எல்லாம் பின்கட்டுக்கு. முதல் மாசம் அடுப்பு, டியூப், குக்கர், மிக்ஸி, ஒரு நல்ல கத்தி, தலையணை, 16 ஆம்பியர் பாக்ஸ். படுக்கக் கோரைப்பாய், வெயில் காலத்துக்கு அதுவே சொர்க்கம். பக்கெட், விளக்குமாறு, டப்பா எல்லாம் சந்தையில். 42 சாமானில் 11 என் வீட்டுப் பரணிலிருந்தே போனது, 9 வேண்டவே வேண்டாம் என்று அடித்தேன், மிச்சத்துக்கு 17,000 ரூபாய்க்குள் முடிந்தது. சோபாவைப் பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன், அதுவரைக்கும் வருகிறவர்கள் பாயில் உட்காரட்டும்.